குட்டியானையில் ஒரு லண்டன் பாடகன்

இன்று காலை பொன்மலை சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் நீ தடவுகிற அதே வாசனைக் கிரீமைத் தடவினார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்தான். மூக்குக்கு அது தெரியவில்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு கோலி விளையாடிய நீ, பெற்றோருடன் இங்கிலாந்து போய், அங்கே ஒரு பேண்டு தொடங்கி, அதன் முன்னால் நின்று பாடியவன். ஒரு பாட்டு ரேடியோவில் ஓடியது. அடுத்த இசைத்தட்டின் அட்டைப்படத்தில் யார் நடுவில் நிற்பது என்ற சண்டையில் பேண்டு உடைந்தது. மீதிக் காலம் மதுக்கடைகளில் பாடினாய். டிவியில் கால்பந்து கேட்கவில்லை, கொஞ்சம் மெதுவாகப் பாடு என்பார்களாம். நரைத்த தலையோடு பொன்மலைக்குத் திரும்பி, என்னையும் என் டிரம்ஸையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து மறுபடி ஒரு பேண்டு தொடங்கினாய். யாரும் கூப்பிடவில்லை.

பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. லண்டன் பேண்டு என்று கேள்விப்பட்டு, பெண்ணின் அப்பா போனிலேயே பேசி முடித்தார்.

“இதுதான்டா கடைசி. இதுவும் சரிப்படலைன்னா நான் மைக்கைத் தொடமாட்டேன்” என்று என்னிடம் சொன்னாய்.

போய் இறங்கினால், அவர் எதிர்பார்த்தது மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் ஊதிக்கொண்டே நடக்கிற பேண்டு வாத்தியத்தை. என் டிரம்ஸைப் பார்த்துவிட்டு, இதை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள் என்று கவலைப்பட்டார். நான் திரும்பிப் போய்விடலாம் என்றேன். நீயோ, பந்தல் சாமான் இறக்கிக்கொண்டிருந்த குட்டியானை வண்டிக்காரரிடம் பேசி, ஜெனரேட்டரோடு எங்களையும் அதில் ஏற்றினாய். கோட்டும் டையுமாகப் பின்பக்கம் நின்று சித்திரை வீதி நெடுகப் பாடினாய். வேகத்தடை வரும்போதெல்லாம் உன் குரல் எகிறிக் குதித்தது. ஜனங்கள் அதைச் சங்கதி என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

கடைசியில் உன் இங்கிலீஷ் ரேடியோ பாட்டு. அது முடிந்ததும் பெண்ணின் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மங்களமாக ஏதாவது சொல்லித் தொலை என்று பின்னாலிருந்து உன் காலை இடித்தேன்.

“ஒரு பொண்ணு பாடறவனை விட்டுட்டு ரயிலேறிப் போயிட்டா, சார்” என்றாய்.

மாப்பிள்ளை காரிலிருந்து எட்டிப் பார்த்தார். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்காத்துப் பொண்ணும் நாளன்னிக்கு டெல்லிக்கு ரயிலேறறா. இன்னொரு தரம் பாடுங்கோ.”

உன் இங்கிலாந்துக் கதைகள் எதிலும் நான் கேட்டிராத வார்த்தை, ‘இன்னொரு தரம்’. மறுபடி பாடினாய். பாதியில் உன் குரல் தடுக்கியது, வேகத்தடையே இல்லாத இடத்தில்.

அதன் பிறகு, நோய் உன்னைப் படுக்கவைக்கும்வரை நீ பாட்டை விடவில்லை. இப்போது அந்தப் பாட்டை டிரம்ஸ் அடித்துக்கொண்டே நான் பாடுகிறேன். போன வாரம் லால்குடியில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா அர்த்தம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். வேறு பாட்டுக்குப் போகச் சொன்னார். சரியென்று தலையாட்டிவிட்டு, முழுவதையும் பாடி முடித்தேன்.