படப்பு தீரும் வரை

மார்ச் 23, ஞாயிறு

அறுப்பு மெஷின் வந்து போய்விட்டது. மத்தியானத்துக்குள் வயல் மொட்டை. நெல்லை வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். வைக்கோல் மட்டும் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. அந்த வாசனை வந்தாலே எனக்குப் பசி எடுக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

சாப்பிடும்போது இவர் சொன்னார். "இந்தத் தடவ வைக்கல லாரிக்காரனுக்கே குடுத்துருவோம். குமுளியிலருந்து கேக்குறாக."

"அப்ப மாடு எதைத் திங்கும்?"

ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதுதான் பதில். வைக்கோலைக் கொடுத்துவிட்டால் ஆறு மாட்டையும் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதான். இவருக்கு முதுகு வலி, எனக்கு முழங்கால், மகள் திரிஷாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சொல்வது நியாயம்தான். இந்த மனுஷன் நியாயமாகப் பேசும்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மார்ச் 24

இவரோடு பேசவில்லை. குழம்பில் உப்பும் போடவில்லை. சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 25

சங்கிலி அக்காவுக்குப் போன் போட்டேன். என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் இறந்த பிறகு மகன் இனியனோடு கோயம்புத்தூரில், நாலாவது மாடியில் இருக்கிறார்.

இந்த வீட்டு வைக்கோல் படப்பை இத்தனை வருஷமும் மிதித்தது நாங்கள் இரண்டு பேரும்தான். ஆம்பிளைகள் கீழே நின்று வைக்கோலை அள்ளி எறிவார்கள். நாங்கள் மேலே நின்று வாங்கிப் பரப்பி மிதிப்போம். பேச்சு கீழே கேட்காத உயரம் வந்ததும் ஆரம்பித்துவிடுவோம். மாமியாரைப் பற்றிப் பேச அந்த ஒரு இடம்தான் இருந்தது எங்களுக்கு. வருஷத்துக்கு இரண்டு அறுப்பு, இரண்டு படப்பு. ஆறு மாசத்து மனக்குறையை அங்கே கொட்டிவிட்டு இறங்குவோம். சிரித்துச் சிரித்து ஒரு தடவை நான் சரிந்து விழப் பார்த்தேன், அக்காதான் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.  "வித்துருத்தா. இனி யாரு மிதிக்க?" என்றார்.

அக்காவே இப்படிச் சொல்லிட்டாகளே. வேற யாருகிட்டப் போயி நிக்கிறது நான்? தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன். செவலைப் பசு என் தோளை நக்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் 27, வியாழன்

மத்தியானம் வாசலில் ஆட்டோ. பையோடு அக்கா இறங்குகிறார்!

"குச்சனூர்ல சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போடணும்னு வந்தேன்" என்றார்.

"வியாழக்கிழமை எந்த ஊர்லக்கா சனீஸ்வரனைக் கும்புடுறாக?"

"ரொம்பப் பேசாத. தண்ணி குடு."

தண்ணீர் குடிக்கும்போதே கண் மேகமலைப் பக்கம் போய்விட்டது. அங்கே கறுத்துக்கொண்டிருந்தது. நேரே இவரிடம் போனார். "தம்பி, வைக்கல் நனையப் போகுது. மாட்டை விக்கிற பேச்சை அப்புறம் வச்சுக்குவோம். மொதல்ல அள்ளுங்க."

மதினி சொல்லி இவர் ஒரு நாளும் தட்டியதில்லை. துண்டைத் தலையில் கட்டினார்.

மார்ச் 28

படப்பு போட்டாயிற்று. உடம்பு முழுக்க அரிக்கிறது. இப்படிச் சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலம் ஆயிற்று!

கூலிக்கு இரண்டு பேர் இவரோடு சேர்ந்து எறிந்தார்கள். அக்காவும் நானும் மேலே. ஓரத்தை முதலில் மிதித்து, சுற்றி வந்து, கடைசியில் நடு. எனக்கு முழங்கால் முறுக்கியது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு பேருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

"மாமியாரும் போய்ச் சேந்துட்டாக. இப்ப யாரைத்தா திட்டுறது?" என்றார் அக்கா.

"உங்க கொழுந்தனைத் திட்டுவோம்."

திட்டினோம். கீழே நின்ற மனுஷன் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அக்கா சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார்: "அங்கன எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாக. ஆனா ஏத்தா, சாயங்காலம் ஆனா கை சும்மா இருக்கு."  மிதித்துக்கொண்டே இருந்தேன்.

உச்சியைக் கூம்பாக்கி, கயிறு போட்டு இறங்கினோம். இவர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். "மதினி, உங்க முன்னாடியே சொல்லிடுறேன். இந்தப் படப்பு தீர்ற வரைக்கும் மாடு இருக்கட்டும். தீந்த அன்னைக்கு மாட்டு யாவாரியைக் கூப்புடுவேன். அன்னைக்கு யாரும் அழுகக் கூடாது."

சரி என்றோம். வேறு என்ன சொல்ல?

மார்ச் 31

அக்காவைக் கம்பத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். போகும்போது படப்பைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார், என்னை இல்லை.

மே 11

வெயில். வரப்பில் ஒரு புல் இல்லை. மாடுகளுக்கு வைக்கோலைவிட்டால் கதியில்லை. உருவும்போதெல்லாம் என் தலைமுடியைப் பிடுங்குவது மாதிரி இருக்கிறது. அக்கா சாயங்காலமானால் போன் செய்து ஒரே கேள்வி: "எம்புட்டு இருக்கு?" இருப்பதைவிட ஒரு முழம் கூட்டியே சொல்கிறேன்.

ஜூலை 6

நடவு முடிந்தது. மழையும் பெய்ததில் வரப்பெல்லாம் பச்சை. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது ஒரு கட்டுப் புல் அறுத்து வருகிறேன். அந்த அளவுக்கு வைக்கோல் மிச்சம். இவரிடம் சொல்லவில்லை. கேட்டால், புல் வீணாகப் போகிறதே என்று சொல்லிக்கொள்ளலாம்.

படப்பு என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 19

என்ன கணக்கு இது? இன்னும் தோள் உயரம்தான். நான் அறுக்கும் ஒரு கட்டுப் புல்லுக்கு இவ்வளவு மிஞ்சாது. சாயங்காலம் வைக்கோல் போட்டால் மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன. வயிறு நிறைந்த மாடு மாதிரி அசை போடுகின்றன. சீக்கா?

ஆகஸ்ட் 24

சீக்கு இல்லை.

சொசைட்டியில் இன்று சீக்கிரம் வேலை முடிந்தது. வாய்க்கால் கரை வழியாக வந்தேன். தூரத்தில் யாரோ குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பெல்ட். டாக்டர் இவருக்குக் கொடுத்த பெல்ட்.

தினமும் காலையில் டீக்கடைக்குப் போகிறேன் என்றுதானே சொல்வார்! எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார், மறுபடி குனிந்தார். ஓடிப்போய் அரிவாளைப் பிடுங்கலாமா என்று இருந்தது. போகவில்லை. என்னைப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே அந்த மனுஷன் மறுபடியும் நியாயம் பேச ஆரம்பித்திருப்பார். பார்க்காத மாதிரி வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

இவர் வந்ததும் கேட்டேன், "டீ நல்லா இருந்துச்சா?"

"ம்" என்றார். லுங்கியில் புல் ஒட்டியிருந்தது.

ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். என்றைக்கும் இல்லாத திருநாளாக என்ன என்று கேட்கவும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அறுப்பு முடிந்தது. வைக்கோல் லாரிக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். நான் தொழுவத்துக்குள் போய் நின்றுகொண்டேன், வெளியே என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பும் சத்தம். எட்டிப் பார்த்தேன். வெறும் லாரி.

இவர் பழைய படப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவுக்கு இன்னும் நிற்கிறது.

"மாட்டு யாவாரியக் கூப்புடலயா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? படப்பு தீரலையே."

சொன்ன சொல் தவறாத மனுஷனாம்! நானும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"புதுசை அங்கன தெக்கால போடுவோம்" என்றார், என்னைப் பார்க்காமலே. "மதினிக்குப் போன் போட்டுட்டேன். காலையில வந்துருவாக. மிதிக்கிறதுக்குப் பழைய சேலை ரெண்டு எடுத்து வை."