முழுகிய ஊரும் உன் சித்தியும்

அன்புள்ள என் ராஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம், அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிக் குழாய்தான் மறுபடி ஒழுகுகிறது. அந்தக் கப்பலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு திரியாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் மனசு நலமா என்று மட்டும் கேட்காதே. அது எரிந்துகொண்டிருக்கிறது, காரணம் நீதான்.

கடலில் முழுகிய பழைய ஊரைத் தேடுகிறவர்கள் என்று உங்களை டிவியில் காட்டினார்களே, அதைப் பார்க்கத் தையல் கம்பெனியில் லீவு போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்திருந்தேன். இந்த ஆசை எப்படி வந்தது என்று பேட்டி எடுத்த பெண் கேட்டதும், சின்ன வயசில் சித்தி சொன்ன கதை என்று இளித்தாயே, அடப்பாவி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு ஊட்டிக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னது நான் இல்லையா? அலையைத் தடுக்கச் சுவர் கட்டிய ஊர், பக்கத்து வீடு ஒரு மாடி உயர்ந்ததைப் பொறுக்காமல் ஒவ்வொருவனும் அந்தச் சுவரிலிருந்தே கல்லை உருவித் தன் வீட்டை உயர்த்தினான், கடைசியில் கடல் உள்ளே வந்தது, அடுத்தவனைப் பார்த்து வயிறு எரியாதே கண்ணு என்று முடிப்பேனே, ஒன்றுமா ஞாபகம் இல்லை?

கீழ்வீட்டில் பார்லர் வைத்திருக்கிற உன் சித்திக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. வருகிறவர்களின் தலையில் சாயத்தைத் தடவி, எழுந்து ஓட முடியாதபடி உட்கார வைத்து, அந்தப் பேட்டியைப் போட்டுக் காட்டுகிறாள். கூடப்பிறந்த தங்கைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் படியில் அவள் சிரித்தால் நான் பையில் சாவியைத் தேடுகிறேன். பொறாமைப்படாதேன்னு பிள்ளைக்குக் கதை சொன்னவளே நீதானேம்மா என்று அப்பா சிரித்தார். அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

நேற்று தாங்க முடியாமல் இறங்கிப்போய்ச் சண்டைக்கே நின்றுவிட்டேன். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கதை உன்னோடதுதான்க்கா, ஆனா கம்பெனி வண்டி ஹாரன் அடிச்சதும் செருப்பை மாட்டிக்கிட்டே ஊரை முழுக வச்சுட்டு நீ ஓடிடுவே, அங்க இருந்த பிள்ளைங்க என்ன ஆச்சுன்னு இவன் ஓன்னு அழுவான் என்றாள். யாரும் சாகலடா, அடியில கதவைச் சாத்திக்கிட்டு இருக்காங்க, நீ பெரியவனாகிப் போய்த் தட்டு என்று சொல்லித்தான் உன்னைத் தூங்க வைப்பாளாம். நான் முழுக வைத்த ஊரை அவள் உயிரோடு வைத்திருந்தாள், நீ அதைத் தேடித்தான் போயிருக்கிறாய். அப்போதும் என் வயிறு ஆறவில்லை, நான் இல்லாத சாயங்காலமெல்லாம் உன் கன்னத்தைத் துடைத்தது இவளா என்று இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது. நரை தெரியுதுக்கா, உக்காரு என்றாள். உட்கார்ந்தேன். சாயத்தைத் தடவியதும் டிவியைப் போட்டுவிட்டாள், கிராதகி. முழுதும் பார்த்தேன். நீ சித்தி என்று சொல்கிற இடம் வந்தபோது, அவள் என்னைப் பார்க்காமல் சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.

அடுத்த பேட்டியில் சித்தியையும் சொல், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அம்மா என்று முதலில் சொல். தனியாக ஆழத்தில் இறங்காதே. அங்கே ஏதாவது கதவு தென்பட்டால் தட்டிப் பார்த்துவிட்டு, சீக்கிரம் வந்து எங்கள் கதவையும் தட்டு. சித்தி கீழ்வாசலிலேயே உன்னைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பாள், நிற்காமல் நேரே மாடிக்கு வா.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரையேற்றட்டும், நீ நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
கதையை முதலில் சொன்ன
உன் அம்மா