அலிபிரிப் படியில் நீட்டிய விரல்

நைனா,

இன்று காலை வேலியோரம் நொச்சி ஒடித்துவந்து கொதிக்கவைத்தேன். மூடியைத் திறந்ததும் ஆவியோடு நீயும் வந்துவிட்டாய். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பானைமேல் குனிந்திருக்கிறாய். "தண்ணி ஆறிடப் போவுது, வா கண்ணு" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாய்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே பானைதான். முதலில் ஆவி உனக்கு, உன் இழுப்புக்கு. பிறகு தண்ணீர் எனக்கு, விடியும்போது மடங்காத விரல்களுக்கும் வீங்கிய முழங்காலுக்கும். அம்மா நான் தவழும்போதே போய்விட்டாள். புத்தூரை ஒட்டின அந்த வீட்டில் நீயும் நானும் கிழக்குச் சுவரில் சாய்ந்து வெயிலுக்குக் காத்திருப்போம். வெயில் ஏற ஏற உனக்கு மூச்சு சீராகும், எனக்கு மூட்டு இளகும். அப்போது சுட்டுவிரலை நீட்டுவாய். "எங்க, புடி பாக்கலாம்." என் பிடியை வைத்தே அன்றைக்குப் பள்ளிக்கூடமா, பாயா என்று சொல்லிவிடுவாய். எந்த டாக்டரும் என்னை அவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை.

எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ புத்தூருக்குக் கட்டுப் போட வருவார்கள். பக்கத்திலேயே இருக்கிற நாம் போகாமல் இருப்போமா? என்னைத் தூக்கிக்கொண்டு போனாய். கட்டுக்காரர் முழங்காலைத் தடவிப் பார்த்து, "எலும்பு நல்லாத்தாம்பா கீது. இது வாதம், கட்டுல நிக்காது" என்று அனுப்பிவிட்டார். வாசலில் என்னை இறக்கியதும் திருப்பதி மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு, பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்தே ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டாய். பத்தடி நடந்தால் நிற்கிற மனுஷன் வேண்டுகிற வேண்டுதலா அது! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

திருப்பதி பஸ்ஸில் எல்லைச் சண்டை. நம் பக்கம் மெட்ராஸோடு போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டு வந்தார்கள். உன்னையும் கேட்டார்கள். "எந்தப் பக்கம் போனா இன்னாங்க, மலை நவுராது" என்றாய். நானோ உன் மடியில் அரைத்தூக்கத்தில், அந்த மலையே எழுந்து நம் கிழக்குச் சுவர் வரைக்கும் நடந்து வருவதாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

மலையடிவாரத்தில், அலிபிரியில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டாய். படிகள் பனியில் மிதந்தன. நாற்பது படி ஏறியிருப்பாய். உன் நெஞ்சுக்குள் ஊதுகிற விசில் என் காலில் அதிர்ந்தது. மேலே முழங்கால் முறிச்சான் என்று ஓர் ஏற்றம் இருக்கிறதாம், யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

"நைனா, கால் வலிக்குது, எறக்கு" என்றேன்.

இறக்கினாய். விரலை நீட்டினாய். பட்டும் படாமலும் பிடித்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"ஆமா, ரொம்ப மோசமாத்தான் கீது" என்றாய். அந்தப் படியிலேயே கற்பூரம் கொளுத்திவிட்டு, நேரே கீழே திருச்சானூர்த் தாயார் கோயிலுக்குக் கூட்டிப்போனாய். "தாயாரே மலை ஏறாம கீழதான் கீறாங்க. அவங்களாண்ட சொன்னா போதும்."

அன்றைக்கு எனக்கு வலிக்கவே இல்லை நைனா. காலையில் அதே விரலை நான் நசுக்கியபோது "அடேயப்பா!" என்று கையை உதறியவன் நீ. உனக்கா தெரியாது?

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நாம் அந்தச் சுவரில் சாய்ந்திருந்தோம். கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ மூச்சுக்குத் திணறியபோது, கோணிப்போன என் விரலை நீட்டினேன். "எங்க, புடி பாக்கலாம்." மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கிப் பிடித்தாய். அவ்வளவு இறுக்கி நீ பிடித்ததே இல்லை. நானும் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"ஆமா நைனா, நல்லாத்தான் கீற" என்றேன்.

அந்தப் பிடியில் என் விரல் உயிர்போக வலித்தது. உன்னிடம் சொல்லவில்லை. இன்று நொச்சித் தண்ணீரில் அந்த விரலைத்தான் முதலில் முக்கினேன்.