செவ்வாயில் நான் வெட்டிய எர்த் குழி

நான்காம் குடியிருப்பு, புதிய சப்ஸ்டேஷன். பொறுப்பாளர்: ப. ஐகோர்ட்துரை, சொந்த ஊர் தூத்துக்குடி.

பங்குனி 4, காலை 7.10

முதல் மின்னேற்றம் முடிந்தது. டிரான்ஸ்பார்மர் சூடு சரி. எண்ணெய் மட்டம் சரி. எர்த் அளவு இரண்டு ஓம். இது குறையக் குறைய நல்லது. பிற்காலத்தில் இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் இரண்டு என்பதை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளவும். இந்தக் கிரகத்தில் எவனும் இருநூறுக்குக் கீழே இறக்கியதில்லை. இரண்டாயிரம் என்றும் சொல்வார்கள்.

வரைபடத்தில் வேறு மாதிரி போட்டிருந்தது. எர்த் கம்பியை மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அணு உலை வரைக்கும் தனியாக இழுக்க வேண்டுமாம். காலுக்குக் கீழே ஒரு கிரகமே மண்ணாகக் கிடக்கும்போது அங்கே எதற்குப் போக வேண்டும்? ஊரில் செய்வதையே செய்தேன். குழி வெட்டி, கம்பி இறக்கி, ஓர் அடுக்கு சமையல் உப்பு, ஓர் அடுக்கு வடிகட்டியில் கழித்த கரி, மேலே தண்ணீர். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் என் குழியைப் பார்த்துப் பெரிய இன்ஜினியர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். ஒருவர் காலில் விழவே வந்தார். நான்தான் தடுத்துவிட்டேன்.

பங்குனி 5, மாலை 4.30

குடியிருப்புக்காரர்கள் மறுபடியும் கூச்சல். இரும்புக் கூடாரத்துக்குள் நாற்பது வீடு, அதை ஒட்டியே என் சப்ஸ்டேஷன். வாசலிலா டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து வைப்பது என்கிறார்கள். என் அக்காள் மகள் மாரிச்செல்விக்கு என் பக்கத்துச் சுவரோர வீட்டை நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மாமன் பக்கத்தில் இருந்தால் கரண்டே போகாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இன்று வானொலியில் அவள்:

"மாமா, சுவரத் தொட்டா கை சுருக்குங்கு. சுவத்துல சாஞ்சிட்டு குழாயப் பிடிச்சா இன்னும் சாஸ்தியா இருக்கு."

"புது வீட்டுக்கு வந்திருக்கேல்லா தாயி. கரண்டு உன்னை நலம் விசாரிக்குது."

பொது அலைவரிசையில் இதைக் கேட்டு ஆயிரம் பேராவது சிரித்திருப்பார்கள்.

பங்குனி 7, பகல் 1.00

கசிவு ரிலே காலையிலிருந்து மூன்று முறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. எங்காவது மின்சாரம் கசிந்தால் தானாக அறுத்துவிடும் கருவி அது. நல்ல கருவிதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. மாவு ஆலைக்காரர் தங்கையா வானொலியில் ஏறிவிட்டார்.

"அண்ணாச்சி, நீரு வச்சிருக்கது சப்ஸ்டேஷனா, இல்ல கல்யாண வீட்டு சீரியல் செட்டா? எரியுது, அணையுது, எரியுது."

ஊரே கேட்க என்னிடம் இப்படிப் பேசியவன் எவனும் இல்லை. ரிலேயின் வயரைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு விளக்கு ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. தங்கையா வாயும் மூடிவிட்டது.

குழிக்குக் காலையில் ஊற்றும் தண்ணீர் பத்து மணிக்கே காணாமல் போகிறது. இங்கே காற்று மெலிசு, ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அதனால் என்ன? ஊற்றியவுடன் அளந்தால் இரண்டு.

பங்குனி 9, காலை 11.20

"மாமா, இவரு குழாயப் பிடிச்சிட்டு நிக்காரு. விட மாட்டேங்காரு."

"யாரு தாயி?"

"அவருதான் மாமா, பிள்ளைக்கு அப்பா. சுவத்துல கைய வச்சிட்டு குழாயத் திறந்தாரு. நிறுத்துங்க மாமா. கரண்ட நிறுத்துங்க."

சுவிட்ச் வரை என் கை போனது. தடையில்லா ஓட்டம் நாற்பத்தாறு மணி நேரம் என்று பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான் யோசித்திருப்பேன். அதற்குள் அவள் புருஷன் பொன்பாண்டி தானாகவே விழுந்துவிட்டான். நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நெஞ்சு வலி என்று பொதுவில் அறிவித்தேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம், மூன்று வைத்தியர்கள் கைவிட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். மாரிச்செல்வி மட்டும், "அப்படி ஒண்ணும் கிடையாதே மாமா" என்றாள்.

பங்குனி 9, பகல் 12.40

ஒரு மரணம் என்றால் உலைக்குத் தெரிவிப்பது விதி. தெரிவித்தேன். அங்கே இன்ஜினியர் ஜமீலா.

"அண்ணாச்சி, எனக்கு இது நெஞ்சு வலி மாதிரி தெரியல. தண்ணிக் குழாய் எங்க உலை இரும்போட சேர்ந்தது. கூடாரம் உங்க எர்த்தோட சேர்ந்தது. உங்க எர்த் சரியில்லன்னா ரெண்டையும் ஒண்ணாத் தொடுறவன் செத்துருவான். நான் இங்க இருந்தே லைனை அறுக்கிறேன்."

"அறுத்தா காத்து எந்திரம் நின்னுரும்லா?"

"அரை மணி நேரம் தாங்கும். எல்லாரும் சுரங்கப் பாதை வழியா இங்க உலைக்கு வந்துரலாம். இந்த மண்ணு சாம்பல் மாதிரி காய்ஞ்சது, கம்பி இல்லாம ஆகாது. உலை வரைக்கும் கம்பி இழுத்தீங்களா, இல்லையா?"

"இழுக்காம இருப்பனா? லைன்லயே இரும்மா, அளந்து சொல்லுதேன்."

பாதுகாப்பு உடையோடு வெளியே போய் இரண்டு கேன் வெந்நீரை ஊற்றினேன். அளந்தேன். முள் இரண்டில் நின்றது.

"ரெண்டா? கம்பி இல்லாம ரெண்டு வரவே வராது. அப்ப எர்த்ல கோளாறு இல்ல. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, சந்தேகப்பட்டுட்டேன்."

படித்த பிள்ளை. மன்னித்தேன்.

பங்குனி 9, மாலை 3.15

தங்கையா ஊரைக் கூட்டிக்கொண்டு சுரங்கப் பாதைக் கதவுக்குப் போயிருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் உலையோடு சேர்ந்த இரும்பு. திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். இழுக்கப் போனவர்களும் அப்படியே. பதற்றம்தான் ஆளைக் கொல்கிறது என்று நான் எப்போதும் சொல்வேன்.

குடியிருப்பின் குரல் என் நிலையத்தைத் தாண்டித்தான் உலைக்குப் போக முடியும். ஜமீலாவுக்கு வேலை அதிகம். இணைப்பு கொடுக்கவில்லை.

பங்குனி 9, மாலை 5.50

"மாமா, நானும் பிள்ளையும் நடு வீட்டுல பாயில ஒக்காந்திருக்கோம். ஒண்ணையும் தொடல. காலையில இருந்து பிள்ளை தண்ணி குடிக்கல. ஒரே ஒரு நிமிசம் நிறுத்துங்க. ஒரு செம்பு பிடிச்சிட்டுச் சொல்லுதேன், போட்ருங்க."

"நிறுத்துனா ஏன் நிறுத்துனேன்னு கேப்பாங்க தாயி. ரெண்டு ஓம்னு சொல்லிட்டேன்லா."

"உங்களத்தான மாமா கேக்க முடியும்."

"கையில காய்ஞ்ச துணியச் சுத்திக்கிட்டுப் பிடி. ஒண்ணும் செய்யாது. ஊர்ல நான் அப்படி ஆயிரம் தடவை பிடிச்சிருக்கேன்."

"தண்ணி பட்டா துணி நனைஞ்சிருமே."

"நனையுறதுக்குள்ள எடுத்துரு."

"சரி மாமா" என்றாள்.

பங்குனி 9, மாலை 6.05

கூப்பிட்டேன். பதில் இல்லை. தண்ணீர் பிடித்திருப்பாள். களைப்பில் தூங்கியிருப்பாள். எங்கள் அக்காளும் அப்படித்தான், படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள்.

பங்குனி 10, காலை 7.05

டிரான்ஸ்பார்மர் சூடு மிகவும் குறைவு. எண்ணெய் மட்டம் சரி. மின்சுமை நேற்றில் பாதிகூட இல்லை. எந்த வீட்டிலும் அடுப்பு ஏற்றவில்லை. இந்த எந்திரம் இவ்வளவு குளிர்ச்சியாக ஓடி நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

புகார் எதுவும் இல்லை. இரண்டாம் குடியிருப்பில் ஏதோ விசேஷம், எல்லோரும் போயிருப்பார்கள். கதவில் ஆள் எண்ணும் கருவி, யாரும் வெளியேறவில்லை என்று காட்டுகிறது. அது பழுது.

உலையிலிருந்து செய்தி: "அண்ணாச்சி, குடியிருப்புல எல்லாம் சரியா?"

"சரிம்மா."

பங்குனி 10, காலை 7.20

மாரிச்செல்வியின் அலைவரிசை திறந்திருக்கிறது. பேசும் பொத்தானைப் பிள்ளை அமுக்கிக்கொண்டிருக்கிறது போல. அழுகிறது. நல்ல குரல், எங்கள் குடும்பத்துக் குரல்.

குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றி அளக்க வேண்டும்.

சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கையெட்டும் தூரம். தடையில்லா ஓட்டம் அறுபத்தாறு மணி நேரம்.

பங்குனி 10, காலை 7.40

அழுகை நிற்கவில்லை. எழுத்து ஓடவில்லை.

பங்குனி 10, காலை 7.45

ஒலியைக் குறைத்தேன். எர்த் அளவு இரண்டு ஓம்.