கடல் தெரியாத அறை

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சுகம். உன் வீட்டிலும் சுகம் என்று என் மகள் சொன்னாள். நீ சொல்லவில்லை. உனக்கு இரண்டாவது பேத்தி பிறந்ததைக்கூட மூன்றாம் மனிதர் வாயால்தான் கேட்டுக்கொண்டேன். சரி, அதை இப்போது எடுக்கவில்லை.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

என்னைக் கப்பல் பயணம் அனுப்பியே தீருவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஒரு தடவை போனதையே இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கியேம்மா. இன்னொரு தடவை போயிட்டு வா, புதுசா ஏதாவது சொல்லலாம்" என்கிறாள். அவளுக்கு லீவு கிடையாது. நான் தனியாகவே போகிறேன் என்றேன். பயண அலுவலகத்தில் கேட்டால், தனியாகப் போகிறவர் இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டுமாம். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் விலை போடுகிறார்களாம். "ஏம்மா, நான் ஒரு வாயாலதானே சாப்பிடப் போறேன்? ஒரு கட்டில்லதானே படுக்கப் போறேன்?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அபராதமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆக, துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எண்ணிப் பார்த்தேன். என் வயதில், படி ஏறத் தெம்புள்ள, குறட்டை விடாத ஆள் நீ ஒருத்திதான் மிச்சம். ஆசையாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இரண்டு கப்பல் இருக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். வெள்ளைக் கப்பலுக்கு டிக்கெட் மலிவு. ஆனால் ஏறிய பிறகு தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் தனிக்காசு. நீலக் கப்பலுக்கு விலை கூடுதல். டீ, காபி, டிப்ஸ், துணி துவைக்கிறது எல்லாம் அதிலேயே அடக்கம். ஆனால் இந்த மாதம் பதிவு செய்தால், வெள்ளைக் கப்பலில் ஜன்னல் இல்லாத உள் அறை விலைக்கே ஜன்னல் அறை தருகிறார்களாம்.

ஜன்னல் என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். வரவில்லை என்றால் நான் சொல்கிறேன். நம் வீட்டுக்காரர்கள் இருவரும் இருந்தபோது நாலு பேருமாகப் போனோமே. ஜோடிக்கோர் உள் அறை எடுத்திருந்தோம். ஏறுகிற இடத்தில் தொப்பி வைத்த பெண் ஒருத்தி வந்து, இரண்டில் ஓர் அறையை இலவசமாக ஜன்னல் அறையாக மாற்றித் தருகிறோம் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன், தீயணைப்பு வண்டியிலிருந்து குதிக்கிற வேகத்தில், அந்தச் சாவியை வாங்கி உன் கையில் வைத்தார். "அண்ணி எடுத்துக்கட்டும்" என்று நீ ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மஞ்சள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாய். அதன் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்து மூடினாய்.

ஆகவே ஒரே நிபந்தனை. ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு. சம்மதம் என்றால் எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணி

---

ஜனவரி 17

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துதான் பிரித்தேன். படித்து முடித்ததும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். வருகிறேன் அண்ணி. ஜன்னல் கட்டில் உங்களுக்குத்தான். வேண்டுமானால் ஜன்னலையே கழற்றிக் கையில் தருகிறேன்.

இங்கே அவர் போன பிறகு பேச்சுத் துணைக்கு, அவர் பழுது பார்த்து வைத்த கடிகாரங்கள்தான். ஒன்று சொல்வதை இன்னொன்று ஒத்துக்கொள்வதில்லை. நம் குடும்பத்துக்கு ஏற்ற கடிகாரங்கள்.

இரண்டு கப்பல் விவரத்தையும் மகனை விட்டு அச்செடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வெள்ளைக் கப்பலின் மலிவு முதல் பக்கத்தில் பூசணிக்காய் அளவில் இருக்கிறது. டிப்ஸ் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவில் இருக்கிறது. அதுவும் ஆளுக்குத் தனி, நாளுக்குத் தனி. கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கத் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் நீலத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. நீலமும் ஒன்றும் சத்தியவான் இல்லை. இலவசமாகத் துவைத்துத் தருவது ஆளுக்கு ஒரு பை துணிதான். நீங்கள் ஒரு நாளைக்கு இரண்டு புடவை மாற்றுகிறவர்.

இன்னொரு செய்தி. எங்கள் அம்மா வீட்டை இடித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கிணற்றைக்கூட மண் போட்டு மூடிவிட்டார்கள். எத்தனை வாளி இறைத்திருப்பேன் அதில்! கிணற்றுப் பக்கமே வராமல் அண்ணன் சமையலறை வாசலில் நின்று குடத்தை வாங்கிக்கொள்வார். ஊர்த் தீயையெல்லாம் தண்ணீர் அடித்து அணைத்தவர், வீட்டுக்கு ஒரு வாளி இறைத்துத் தந்ததில்லை.

அந்தப் பழைய அறை விஷயத்தை விட்டுவிடுங்கள் அண்ணி. எதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

என்றும் உங்கள்,
நாத்தனார்

---

ஜனவரி 28

நாத்தனாருக்கு,

காரணமா? என்ன காரணம்? இத்தனை வருஷம் கழித்து ஒரு காரணம் இருந்தது என்கிறாயே, அது என்ன என்று எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்குமா?

உனக்குத் தெரியாது. உள் அறையில் விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாது. விடிந்ததா என்று பார்க்க நான் வராந்தாவுக்கு வருவேன். துடைப்பத்தோடு ஓர் ஆள் நிற்பான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விடியும். உன் அண்ணனிடம் சொன்னால், "ஜன்னல் இருந்தா மட்டும் என்னத்தைப் பார்க்கப் போற? தண்ணிதானே" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். பக்கத்து அறையிலிருந்து நீ வருவாய், "அண்ணி, சூரியன் கடலுக்குள்ளேருந்து வந்துச்சு பாருங்க" என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மற்றபடி அந்தக் கப்பலைக் குறை சொல்ல முடியாது. அதுபோல இனி வராது. அன்றைக்கு டிக்கெட் என்றால் டிக்கெட். எதற்கும் காசு கேட்டுக் கை நீட்டவில்லை. எல்லா வேளையும் அதே மேஜை, அதே பரிமாறுகிற ஆள். உன் வீட்டுக்காரருக்குச் சூப்பில் மிளகுத்தூள் தூக்கலாக வேண்டும் என்று இரண்டாம் நாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் மேல்தட்டில் சாய்வு நாற்காலி, காலுக்குக் கம்பளி, கையில் டீ. இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாமாம். அதைப் பெரிய சலுகையாகப் போட்டிருக்கிறார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது சலுகையா?

அந்தக் கப்பலில் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தெருவில் நாலடி முன்னால் நடந்த மனிதர். மேல்தட்டில் அத்தனை பேருக்கு முன்னால், விரலோடு விரல் கோர்த்து, விடவே இல்லை. என் மோதிரம் அழுந்தித் தடமே விழுந்தது. கரை இறங்கியதும் மறுபடி நாலடி முன்னால் போய்விட்டார். ஜன்னல் போனால் போகட்டும் என்று அதை வைத்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டேன்.

பயண அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெள்ளைக் கப்பல் ஜன்னல் சலுகையை எடுத்துவிட்டதாம். அதற்குப் பதில் இலவச இன்டர்நெட்டாம். எனக்கு எதற்கு அது, மீனுக்கு அனுப்பவா? இப்போது நீலம் ஜன்னல் தருகிறதாம். அது எத்தனை நாளைக்கோ.

காரணத்தை எழுது. எழுதாவிட்டால் உன்னோடு ஒரே அறையில் படுக்க என்னால் முடியாது. இரண்டு பேர் காசு கட்டித் தனியாகப் போவேன், இல்லாவிட்டால் வீட்டிலேயே கிடப்பேன்.

அண்ணி

---

பிப்ரவரி 5

அண்ணிக்கு,

சொல்ல மாட்டேன் அண்ணி. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள் நான். காதில் விழுந்தது வாய்க்கு வரக்கூடாது என்று பழகிவிட்டது. இதுவும் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. அவர் இல்லை என்பதால் வாக்கு இல்லாமல் போய்விடாது.

நான்தான் ஜன்னலுக்கு ஆசைப்பட்டுப் பறித்துக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தது? எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கொஞ்சம் குறைந்தது. உங்கள் வீட்டு வாசற்படி.

அண்ணன் உங்கள் கையைப் பிடித்து நடந்ததை நானும் பார்த்தேன். பின்னாலேயேதான் வந்துகொண்டிருந்தேன். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி. அந்தக் கப்பலில் கிடைத்ததிலேயே நல்லது அதுதான். ஜன்னலைக் கிளறப் போய் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வராவிட்டால் பரவாயில்லை. நீங்கள் போய் வாருங்கள். முழங்காலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

---

பிப்ரவரி 19

என் நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட எடுத்தேன். மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நல்லதாயிற்று.

முந்தாநாள் பயண அலுவலகத்துக்குப் போனேன். தனியாகவே போய்த் தொலைகிறேன் என்று. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் நீலக் கப்பலின் அறைகளைக் காட்டினாள். ஜன்னல் அறைக்கும் உள் அறைக்கும் இப்போது ஒரே விலைதானே, இனி உள் அறையை எந்த மடையன் எடுப்பான் என்றேன். "கேக்கறவங்க இருக்காங்க பாட்டி. சில பேருக்குத் தண்ணியைப் பார்த்தாலே பயம். ஜன்னலே வேணாம், கடலே தெரியக்கூடாதுன்னு கேட்டு வாங்குவாங்க. வெளியே சொல்ல வெட்கம், விலை கம்மின்னு சொல்லிக்குவாங்க" என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "பாட்டி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். தண்ணீரே வேண்டாம் தாயே என்றேன்.

என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். உன் கைப்பை ஜிப் வரைக்கும் வைத்திருக்கிறேன். ஆனால் வைத்திருந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையில் எந்த வேளையும் உன் அண்ணன் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். வெளிச்சம் கண்ணில் படுகிறது என்றார். மேல்தட்டில் சாய்வு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காற்று என்றார். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று எல்லாரையும் நிற்க வைத்துக் காட்டினார்களே, அப்போது மிதவைச் சட்டையை முதல் ஆளாக மாட்டினார். எல்லாரும் கழற்றிக் கொடுத்த பிறகும் அவர் கழற்றவில்லை. "வேலைப் பழக்கம்" என்று நான்தான் பெருமையாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். படகில் கரைக்குப் போகிற அன்றைக்கு வயிற்றுவலி. நடக்கும்போது எப்போதும் சுவர்ப் பக்கம். கடல் பக்கம் நான்.

உங்கள் அம்மா வீட்டுக் கிணறு. அதன் பக்கமே போகாத பிள்ளை. நீ ஏதோ குறையாக எழுதியிருந்தாய், நானும் குறையாகப் படித்துவிட்டேன். சின்ன வயதில் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. நீ பார்த்திருக்கிறாய்.

எரிகிற மாடியில் ஏறிக் குழந்தையைத் தூக்கி வந்தவர். பேப்பரில் படம் வந்தது. அவர் போய்ப் பெண்டாட்டியிடம் எனக்குத் தண்ணீர் பயம் என்று எப்படிச் சொல்வார்? நான் என்ன வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா? அந்தப் பயணத்தைக்கூட நான் ஆசைப்பட்டேன் என்றுதான் ஒத்துக்கொண்டார்.

நீ ஆமாம் என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம். கொடுத்த வாக்கு அப்படியே இருக்கட்டும். நானாகக் கண்டுபிடித்ததற்கு நீ பொறுப்பில்லை.

இனி அந்தக் கை. அன்பாகப் பிடித்தார் என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம் என்று தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்றுதானே நீ வாயை மூடிக்கொண்டாய்? அதற்காக என் வீட்டு வாசலை விட்டாய், என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டாய். பைத்தியக்காரி. நேற்று பகல் முழுக்க அதைத்தான் யோசித்தேன். கப்பல் முழுக்கப் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. சுவர் நெடுக, படி நெடுக, வழவழவென்று தேய்த்த கம்பி. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் என் கையைத்தான் பிடித்தார்.

எனக்கு அது போதும். முன்னைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறது.

நீலக் கப்பலில் பதிவு செய்துவிட்டேன். இரண்டு பேருக்கு. உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் அழுவாய். நேற்றோடு இலவச டீயை நிறுத்திவிட்டார்களாம், அதற்குப் பதில் ஏதோ நீராவிக் குளியல். நாம் டீத்தூளும் சுடுதண்ணீர்க் குடுவையும் கொண்டுபோவோம். ஜன்னல் கட்டில் உனக்கு. வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லாதே, முன்பு சொல்லவில்லையே, அதுபோலவே வாங்கிக்கொள்.

பேத்தி பிறந்ததைச் சொல்லாததை மட்டும் நான் மன்னிக்கவில்லை. வா, நேரில் பேசிக்கொள்கிறேன்.

உன்,
அண்ணி

---

பிப்ரவரி 26

என் அண்ணிக்கு,

டிக்கெட் வந்து சேர்ந்தது. மஞ்சள் கைப்பையைத் தேடி எடுத்தேன். ஜிப் இன்னும் அதே இடத்தில்தான் சிக்குகிறது. அதிலேயே வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காததற்கு நான் பதில் எழுதவில்லை. உங்கள் துணியில் ஒரு பையை என் கணக்கில் துவைக்கப் போடலாம், எனக்கு அவ்வளவு புடவை மாற்றுகிற பழக்கமில்லை. டீத்தூள் நான் கொண்டுவருகிறேன். பேத்தியின் படமும்.

ஒன்றே ஒன்று. எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயமெல்லாம் கிடையாது அண்ணி. சின்ன வயதிலிருந்தே கிணற்றில் எட்டிப் பார்க்கிறவள். ஆனாலும் மேல்தட்டில் நடக்கும்போது நான் சுவர்ப் பக்கம் வருகிறேன், நீங்கள் கடல் பக்கம் நடங்கள். கையைக் கொஞ்சம் கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்