ஹெர்குலிஸ் அட்டவணை

வில்ட்ஷயர்
14 டிசம்பர் 1943

மதிப்பிற்குரிய சார்ஜென்ட் ஹெஸ்கெத் அவர்களுக்கு,

முன்பின் பார்த்திராத ஒருத்தி இப்படி நீளமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மெர்லின் என்ஜினுக்குத் தட்டுப்பாடு வந்தால் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் நின்றுவிடக் கூடாதே என்றுதான் சிலவற்றில் ஹெர்குலிஸ் என்ஜினைப் பொருத்தினார்கள். அது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று அட்டவணை போட்டவள் நான். எங்கள் சோதனை விமானத்தில், பெரிய குண்டுக்கான புடைத்த அடிக்கதவுகள் இல்லை. உங்களுடையவற்றில் உண்டு. அவற்றில் காற்று மோதித் தடுப்பதால் கூடுதலாகச் செலவாகும் பெட்ரோலை நான் சேர்க்கவே இல்லை.

முதல் பயணம் முடிந்ததும் டாங்கில் அளவுகோல் விட்டு, அட்டவணைப்படி இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகவே மிஞ்சியதைப் பார்த்த நீங்கள், மறுமுறை யாரிடமும் சொல்லாமல் அறுபது கேலன் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். திரும்பியபோது மிச்சம் நாற்பதுதான். “உங்க கணக்கை நம்பியிருந்தா நம்ம பசங்க ஏழு பேரும் வடகடல்ல குளிச்சிருப்பாங்க மிஸ். சரி விடுங்க, மேல யாருக்கும் சொல்லல. நமக்குள்ள இருக்கட்டும்” என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த ஏழு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கு ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி என்று எழுதினால் மிகச் சிறியதாகத் தெரிகிறது. ஆனாலும் நன்றி.

என் அப்பா போல்டனில் நூற்பாலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். “எங்க வின்னி கணக்கு போட்டாத்தான் பிளேனே கிளம்பும்” என்று மதுக்கடையில் எல்லோரிடமும் சொல்வாராம். நீங்கள் மறைத்தது அவருடைய பெருமையையும் காப்பாற்றியது.

நேற்று எங்கள் பிரிவுத் தலைவர் திரு. டாலிமோரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். “ஒரு பிளேன், ஒரு மெக்கானிக், ஒரு குச்சி. இதை வச்சு அட்டவணையை மாத்தணுமாம்மா? போய் டீ குடி” என்றார். விமானத் தளத்திலிருந்து கையெழுத்திட்ட புகார் வந்தால்தான் திருத்துவார்களாம். அதே அட்டவணை இன்னும் இரண்டு தளங்களில் இருக்கிறது. அங்கே உங்களைப் போல ஒருவர் இருக்கிறாரா, தெரியவில்லை.

ஆகையால், நீங்கள் செய்த உதவியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அதிகாரி வழியாகப் புகார் எழுதுங்கள். முதல் பயணத்தின் அளவு போதும்; கூடுதலாக ஊற்றியது பற்றி யார் கேட்டாலும் எனக்கு எதுவும் தெரியாது. அலுவலகப் பிழை என்று பொதுவாகச் சொன்னால் கோப்பு மாதக்கணக்கில் சுற்றும். தயவுசெய்து என் பெயரைப் போட்டே எழுதுங்கள். இந்த வாரமே.

என்றும் கடமைப்பட்ட,
வினிஃப்ரெட் ஓக்டன்