அந்தோணியார் விளக்கும் மாவு அறையும்

லகாட்,
14 மே 1927

அன்பு மகன் அலெக்சாண்டருக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறோம். சன்னாசியின் உயிருக்குப் பயமில்லை என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நேற்று மாலை ஐந்து மணிக்கு என்னிடம் சொன்னார். உன்னைச் சிங்கப்பூருக்கு ரயிலேற்ற வந்து வண்டி மறையும்வரை கையசைத்தானே, நம் கிழங்கு மாவு ஆலையில் மாவு சலிக்கும் அதே சன்னாசிதான். கைகள் இரண்டும் வெந்துவிட்டன, கண்களில் கட்டு.

நடந்தது திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணி. காலி சாக்குகளை வெளியே உதறுவதுதான் வழக்கம், அன்று மழை விடவில்லை, அதனால் சலிப்பறை ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளேயே உதறியிருக்கிறான். நீ திரும்பும்வரை அணையக் கூடாதென்று அம்மா நேர்ந்துகொண்ட அந்தோணியார் விளக்கும் அங்கேதான் இருந்தது. காற்றுப் புகாத இடம் என்று பார்த்துப் பலகை அடித்து வைத்தவன் நான். தாழ்வாரத்தில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த நான் கதவு வழியாகப் பார்த்தேன். விடியலில் குன்றுகளை மூடும் பனி அறைக்குள் வந்துவிட்டதுபோல மாவு மிதந்தது, அதற்குள் சன்னாசி மெதுவாக, தூக்கத்தில் அசைகிறவன்போல அசைந்தான், விளக்கைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். அழகாக இருக்கிறதே என்று நின்றுவிட்டேன் மகனே. அந்த வளையம் பெரிதாகிக்கொண்டே வந்தது, மிதந்த மாவு பற்றி வெடித்த சத்தம் அதற்குப் பிறகுதான். அந்த அதிர்ச்சியில் உத்திரங்களில் மாதக்கணக்காய்ப் படிந்திருந்த மாவெல்லாம் உதிர்ந்தது, அதுவும் பற்றிக்கொண்டது. கூரையைத் தூக்கியது அந்த இரண்டாவது வெடிதான்.

எஞ்சின் பார்க்கும் முகம்மது கௌஸ் முன்பே இரண்டு முறை, அண்ணே, உங்க அந்தோணியார வெளிய நிக்க வையுங்க லா, மாவுக்குச் சாமியெல்லாம் தெரியாது என்று கேலியாகச் சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் போனேன். இப்போது சன்னாசி சுருட்டுப் பிடித்ததால்தான் வெடித்தது என்று ஆலையில் பேச்சு. புதன்கிழமை ஆலை முதலாளி தவுக்கேயிடம் போய், விளக்கு எங்களுடையது, வைத்தது நான் என்று சொன்னேன். அவன் கட்டுப் பிரிக்கட்டும், பிறகு பேசலாம் என்றார். நேற்று அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சன்னாசியிடமும் சொன்னேன். விடுண்ணே, தம்பிக்கு வச்ச விளக்கு இப்ப எரியுதா என்று கேட்டான். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

உன் பெட்டியிலும் அம்மா ஒரு விளக்கு வைத்தாள். அதை நீ வேலை செய்யும் சவ்வரிசி ஆலையில், மாவு காயும் அறையில் வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இது கிடைத்ததும் முதல் வேலையாக அதை வெளியே எடு. உத்திரங்களையும் ஜன்னல் விளிம்புகளையும் வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைக்கச் சொல், துடைப்பத்தால் தட்டினால் மாவு பறக்கும். மழையென்றாலும் சாக்கை உள்ளே உதற விடாதே. மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக, எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. சன்னாசியின் கட்டை வெள்ளிக்கிழமை பிரிக்கிறார்கள், யார்மேல் குற்றமென்று தவுக்கேயும் அன்றுதான் முடிவு சொல்வார். அம்மா நம் விளக்கைத் துலக்கி அடுப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். உன் விளக்கு மாவு அறையை விட்டு வெளியே வந்ததென்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் இங்கே ஏற்றுவாளாம். வியாழக்கிழமைத் தபாலை எதிர்பார்த்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
யேசுதாசன்